சாயம் போகாத டீத்தூள்: ஆறு மாதம் கடையில் போட்டுப் பார்த்தது

சேலம் அம்மாப்பேட்டையில் சாயங்காலம் நாலரை மணிக்குக் கடை திறப்பேன். தட்டுவடை செட், நொறுக்கல், டீ, அவ்வளவுதான். ஒரு கிலோ தூளில் முந்நூறு கிளாஸ் வரும். ஆறு மாதமாக நான் போடுவது குன்னூர் இண்ட்கோசர்வ் கூட்டுறவின் தூள்.

முன்பு ஒரு மொத்த வியாபாரியிடம் லூஸ் தூள் வாங்கிக்கொண்டிருந்தேன். விலை குறைவு, டிக்காஷனும் நொடியில் செக்கச்செவேல் என்று இறங்கும். ஒருநாள் கழுவிவிட்ட கடப்பாக்கல்லில் ஒரு பிடி சிந்திவிட்டது. துடைக்கத் துணி எடுத்து வருவதற்குள் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஆரஞ்சு நிறம் வழிந்து ஓடியிருந்தது. நல்ல தூள் பச்சைத் தண்ணீர் பட்டவுடன் இப்படிச் சாயம் விடாது. டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளுக்கெல்லாம் இதைத்தானே ஆற்றிக் கொடுத்தோம் என்று அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. மீதியிருந்த தூளைக் காலையில் கொட்டிவிட்டேன்.

பந்தலூரில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். இலங்கையிலிருந்து வந்த குடும்பம் அது. 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க அரசு தொடங்கிய டான்டீ தோட்டத்தில் கொழுந்து பறித்தே தலை நரைத்தவர். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஏறிய இலைக்கறை இன்னும் போகவில்லை. எந்தத் தூள் வாங்கலாம் என்று கேட்டால், "எதை வேணா வாங்கு கண்ணு, இலை போட்டவனுக்கு என்ன கெடச்சுதுன்னு கேட்டுட்டு வாங்கு" என்றார்.

அவர் மகனுக்கு அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். முன்பெல்லாம் ஏஜென்ட் வீட்டு வாசலுக்கே வந்து எடுப்பார். தராசு அவருடையது. மழை நாளில் ஈரம் என்று சொல்லி மூட்டைக்கு மூட்டை எடை கழிப்பார். இப்போது அண்ணன் கூட்டுறவு ஆலையில் உறுப்பினர், இலை அங்கேதான் போகிறது. 1965-இல் தொடங்கிய இண்ட்கோசர்வின் கீழ் இப்படி 16 ஆலைகள் இருக்கின்றன, ஏறக்குறைய 30,000 சிறு விவசாயிகள் உறுப்பினர்கள். இலை போடுகிறவரே ஆலைக்குப் பங்குதாரர் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அதற்காக மலையில் கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2023-இல் பச்சை இலைக்குக் கிலோ 33 ரூபாய் 50 காசு கேட்டு நீலகிரி விவசாயிகள் உண்ணாவிரதமே இருந்தார்கள். அப்போது கைக்கு வந்தது ஏறக்குறைய அதில் பாதி. இலைக்கு விலை இல்லாவிட்டால் பறிக்க வரும் பெண்களுக்குக் கூலி எங்கிருந்து கொடுப்பது? அண்ணன் வீட்டில் பல நாள் அண்ணியும் பிள்ளைகளும்தான் பறிக்கிறார்கள்.

சரி, டீ எப்படி? முதல் வாரம் "என்னக்கா, கலர் கம்மியா இருக்கு?" என்று கேட்காத ஆள் இல்லை. சாயத்துக்குப் பழகிய கண் அப்படித்தான் கேட்கும். கொதிக்கும் தண்ணீரில் தூளைப் போட்டு ஒரு நிமிடம் கூடுதலாக விட்டேன். தேன் நிறத்தில் ஆரம்பித்து நல்ல செம்பழுப்புக்கு வந்தது. பால் ஊற்றினாலும் ருசி அமுங்கவில்லை, நாக்கில் லேசான துவர்ப்பு நிற்கிறது. பூண்டும் பீட்ரூட்டும் காரச் சட்னியும் சேர்ந்த செட்டைத் தின்றுவிட்டுக் குடிக்க அந்தத் துவர்ப்பு வேண்டும். இஞ்சி தட்டிப் போட்டால் இன்னும் நன்றாக இருக்கிறது. பால் சேர்க்காமல் மணத்துக்காகக் குடிப்பவர்கள் முழு இலை வாங்கிக்கொள்ளலாம், இந்தப் பொடித்தூள் அவர்களுக்கானது இல்லை.

"ஏற்காட்டுத் தேயிலையா?" என்று சிலர் ஆசையாகக் கேட்கிறார்கள். நம் மலை காபிக்கும் மிளகுக்கும் பெயர்போனது, இது நீலகிரி இலை என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

பழைய தூளைவிடக் கிலோவுக்கு 60 ரூபாய் கூடுதல். கிளாஸுக்குக் கணக்குப் போட்டால் 20 காசு. விலையை ஏற்றவில்லை, அந்த 20 காசு என் கையிலிருந்து போகட்டும். எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான்: நான் வாங்கும் கடையில் மாதக் கடைசியில் சரக்கு இருக்காது, பத்து நாளுக்கானதை முன்னதாகவே எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. அப்படி எடுத்தால் பாக்கெட்டைப் பிரித்த கையோடு எவர்சில்வர் டப்பாவில் கொட்டி இறுக்கி மூடிவிடுங்கள், பாய்லர் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஆவி பட்டால் நாலே நாளில் தூள் கட்டிவிடும்.