ஜவ்வு விலகினால் ஆபரேஷனா, பொறுத்துப் பார்ப்பதா?

எங்கள் குடும்பத்தில் ஒரே வருடத்தில் இரண்டு பேருக்கு முதுகில் ஜவ்வு விலகியது. ஜவ்வு என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க். அது பிதுங்கிக் காலுக்குப் போகும் நரம்பை அழுத்தினால் காலும் வலிக்கும். எனக்கு இடுப்பின் கடைசி இரண்டு எலும்புகளுக்கு நடுவில் (எல்4-எல்5), அக்கா வீட்டுக்காரருக்கு அதற்கு அடுத்த கீழ் டிஸ்கில் (எல்5-எஸ்1). நான் மாத்திரை, பிசியோ என்று மூன்று மாதம் ஓட்டினேன். அத்தான் ஐந்தாவது வாரமே மைக்ரோ டிஸ்கெக்டமி, அதாவது மைக்ரோஸ்கோப் வைத்துப் பிதுங்கிய துண்டை எடுக்கும் ஆபரேஷன், செய்துகொண்டார். இருவரில் யார் செய்தது சரி என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். இரண்டுமே சரி என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஸ்கேன். பலரும் ரிப்போர்ட்டைப் படித்துப் பயந்துதான் ஆபரேஷன் வரை போகிறார்கள். முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன் முடிவுகளை 2015ல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் நூற்றுக்கு 30 பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 84 பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ஆகவே 'பல்ஜ்' (பிதுக்கம்) என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். காலில் என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். என்னைப் பார்த்த டாக்டர் ஸ்கேன் உறையைத் தொடுவதற்கு முன்பே என் கால் கட்டைவிரலை விரலால் அழுத்திப் பிடித்து, "மேலே தூக்குங்க" என்றார். தூக்க முடிந்தது. குதிகாலால் நாலு அடி நடக்கச் சொன்னார், நடந்தேன். "பலம் இருக்கு, பொறுத்துப் பார்க்கலாம்" என்றார். அத்தானை ஒற்றைக் காலில் நுனிவிரலால் எம்பி நிற்கச் சொன்னபோது இடது குதிகால் தரையைவிட்டு எழவே இல்லை. எங்கள் பாதை பிரிந்தது அங்கேதான்.

இந்த இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. நெதர்லாந்தில் நடந்தது, 2007ல் வெளியானது. ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடும் கால்வலியில் இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன் செய்தார்கள், மறு பாதியைப் பொறுக்கச் சொன்னார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கால்வலி வேகமாக விட்டது. ஆனால் ஒரு வருடம் கழித்துக் கேட்டபோது, இரண்டு பக்கமும் நூற்றுக்கு 95 பேர் குணமாகிவிட்டதாகவே சொன்னார்கள். பொறுத்தவர்களில் 39 சதவீதம் பேர் வலி தாங்காமல் அந்த வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போயிருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆக, ஆபரேஷனால் கிடைப்பது முக்கியமாகச் சில மாத நிம்மதி. அந்தச் சில மாதம் யாருக்கு எவ்வளவு முக்கியம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், மருத்துவ விடுப்பு இருந்தது. அத்தான் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வண்டி நின்றால் அன்றைக்கு வருமானம் இல்லை.

பொறுத்தால் ஏன் சரியாகிறது? டிஸ்குக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மேலும் கீழும் இருக்கும் எண்ட்பிளேட் என்ற தகடு வழியாகத்தான் அதற்குச் சத்து ஊறிப் போகிறது. மனிதர்களின் டிஸ்கில் இது எப்படி நடக்கிறது என்று எம்ஆர்ஐ மூலம் மணிக்கணக்கில் தொடர்ந்து படமெடுத்துக் காட்டியதற்குத்தான் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவுக்கு 2004ல் முதுகெலும்பு ஆய்வுக்கான சர்வதேசப் பரிசு கிடைத்தது. ஆனால் டிஸ்கை விட்டு வெளியே வந்து விழுந்த துண்டின் கதை வேறு. அங்கே ரத்த ஓட்டம் இருக்கிறது. உடம்பு அதை வேண்டாத பொருளாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. பெரிய துண்டுகள்தான் நன்றாகச் சுருங்கும் என்று கேட்டபோது எனக்கே ஆச்சரியம்.

அதற்காகப் பொறுப்பது சுலபம் என்று சொல்ல மாட்டேன். தும்மினால் பிட்டத்திலிருந்து பாதம் வரை கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். முதல் மூன்று வாரம் இரவில் முட்டிக்கு அடியில் இரண்டு தலையணை வைத்தால்தான் கண்ணயர முடிந்தது. படுத்தே கிடக்கவும் கூடாது. வலி விட்ட அளவுக்கு நடக்க வேண்டும். பெல்ட், வெயிட் கட்டி இழுப்பது இரண்டையும் தர வேண்டாம் என்று பிரிட்டனின் 2016 வழிகாட்டுதல் சொல்கிறது. இங்கே நரம்பு வலிக்கென்று பலருக்கும் எழுதித் தரப்படும் பிரிகாபலின் மாத்திரையை ஆஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்து, வெற்று மாத்திரையைவிட அது கால்வலியைக் குறைக்கவில்லை என்று 2017ல் வெளியிட்டார்கள். எனக்கும் தலைசுற்றல்தான் மிச்சம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

முதுகில் நரம்பைச் சுற்றி மருந்து செலுத்தும் எபிடியூரல் ஊசி, பொறுப்பது, ஆபரேஷன் இரண்டுக்கும் நடுவில் வருகிறது. சில வாரம் வலியைத் தணிக்கும். தூங்கவும் பிசியோ செய்யவும் அந்த இடைவெளி உதவும், அவ்வளவுதான்.

அத்தான் பக்கம் வருவோம். கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கால் இழுக்கல". மறுநாளே நடந்தார். முதுகுவலி மட்டும் கொஞ்சம் தங்கிவிட்டது. இதை டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இந்த ஆபரேஷன் கால்வலிக்கானது, வெறும் முதுகுவலிக்கு இதை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். அதே இடத்தில் மறுபடியும் பிதுங்கும் வாய்ப்பும் உண்டு. எண்டோஸ்கோப்பியா (சின்னத் துளை வழியாகக் குழாய் கேமரா விட்டுச் செய்வது), மைக்ரோஸ்கோப்பா என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். 2022ல் 613 பேரை வைத்து வெளியான ஆய்வில் கால்வலி குறைவதில் எண்டோஸ்கோப்பி பின்தங்கவில்லை. உங்கள் டாக்டர் எதை அடிக்கடி செய்கிறாரோ அதுவே போதும். எலும்பு டாக்டரா, நரம்பு சர்ஜனா என்ற கேள்விக்கும் இதே பதில்தான்.

பணம் ஒரு பெரிய கவலை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை உண்டு. தேதி குறிப்பதற்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் போய் விசாரியுங்கள்.

ஒரு நிலையில் மட்டும் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் நின்றாலோ தெரியாமல் போனாலோ, இரண்டு கால்களும் தளர்ந்தால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடு ராத்திரியானாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.