கிட்ஹப் டிப்ளாய்மென்ட் பட்டியலை ஏஜென்டிடம் கொடுக்கும் முன்: ஒரு மதிப்பீடு

"கடைசியா என்ன டிப்ளாய் ஆச்சு?" தளம் திணறத் தொடங்கியதும் முதலில் எழும் கேள்வி இதுதான். (டிப்ளாய் என்றால் புதிய நிரலை ஓடும் தளத்தில் ஏற்றுவது.) இப்போது இதை ஏஐ ஏஜென்டிடமே கேட்கிறார்கள். அது பதில் சொல்ல ஒரு பட்டியல் கருவி வேண்டும். நிரல் சேமிப்புத் தளமான கிட்ஹப்பின் டிப்ளாய்மென்ட் ஏபிஐயை (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் வாசல்) ஒரு எம்சிபி கருவியாக, அதாவது ஏஜென்ட் அழைக்கக்கூடிய பொது வடிவக் கருவியாக, மாற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். கிட்ஹப்பின் தானியங்கி வேலை அமைப்பான ஆக்‌ஷன்ஸ் வொர்க்ஃப்ளோவில் ஒரு ஜாபுக்கு என்விரான்மென்ட் (ஏற்றப்படும் சூழல்) குறிப்பிட்டிருந்தாலே டிப்ளாய்மென்ட் பதிவு தானாக உருவாகிவிடும். தனியாக ஸ்கிரிப்ட் எழுத வேண்டாம். கமிட் (சேமித்த ஒரு நிரல் மாற்றம்), பிராஞ்ச் அல்லது டேக் (நிரலின் கிளை அல்லது பதிப்புப் பெயர்), டாஸ்க் (வேலை வகை), என்விரான்மென்ட் என நான்கு வகையில் வடிகட்டலாம். பக்கத்துக்கு 30 வரிசைகள் வரும், கேட்டால் 100 வரை தரும். டிப்ளாய்மென்ட்டைப் படிக்க மட்டும் அனுமதியுள்ள டோக்கன் (அணுகல் சாவி) போதும்.

சிக்கல் எங்கே என்றால், கிட்ஹப்பின் வழக்கமான ரெஸ்ட் ஏபிஐயின் பட்டியலில் நிலை கிடையாது. கமிட் இருக்கும், சூழலின் பெயர் இருக்கும், யார் தொடங்கியது என்றும் இருக்கும். ஆனால் டிப்ளாய் ஜெயித்ததா தோற்றதா என்பது வேறொரு முகவரியில் இருக்கிறது, ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியாக. 100 பதிவுகளின் நிலையை அறிய 101 அழைப்புகள். தனிநபர் டோக்கனுக்கு மணிக்கு 5,000 அழைப்புகள்தான் வரம்பு. ஏஜென்ட் ஒரே கேள்விக்கு நாலைந்து முறை பட்டியலைப் புரட்டும் பழக்கம் உள்ளது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கிட்ஹப்பின் இன்னொரு ஏபிஐயான கிராஃப்கியூஎல் வழியாகப் போனால் பதிவும் அதன் கடைசி நிலையும் ஒரே கேள்வியில் வந்துவிடும். கருவி கட்டுபவர்கள் அந்த வழியில் போவதே நல்லது.

நிலை கைக்கு வந்த பிறகும் ஏஜென்ட் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. புரொடக்‌ஷன் (பயனர்கள் பயன்படுத்தும் நேரடிச் சூழல்) பட்டியல் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 14:20க்கு ஒரு பதிவு, ஃபெயிலியர். 13:05க்கு ஒன்று, சக்சஸ். 11:40க்கு ஒன்று, அதுவும் சக்சஸ். இப்போது ஓடுவது எது? விவரம் சொல்லப்படாத ஏஜென்ட் முதல் வரிசையை எடுத்துக்கொண்டு 14:20 கமிட்டைக் காட்டும். இன்னொரு ஏஜென்ட், இரண்டு சக்சஸ் இருப்பதால் இரண்டும் ஓடுகின்றன என்று அளக்கும். புதிய டிப்ளாய் வென்றதும் பழையவற்றை இனாக்டிவ் (செயலற்றது) ஆக்கும் வசதி ஏபிஐயில் இயல்பாகவே உண்டு. ஆனால் அது தற்காலிகச் சூழலையும் புரொடக்‌ஷனையும் தொடாது. அதனால் புரொடக்‌ஷனில் பழைய சக்சஸ் எல்லாம் அப்படியே நிற்கக்கூடும். ரோல்பேக்குக்கும் (பழைய பதிப்புக்குத் திரும்புவது) தனி அடையாளம் இல்லை. பழைய கமிட்டோடு ஒரு புதிய பதிவு வரும், அவ்வளவுதான். கமிட் தேதியை வைத்து வரிசைப்படுத்தும் ஏஜென்ட் அங்கே தலைகீழாகப் போய்விடும்.

தேதி வடிகட்டியும் கிடையாது. "நேற்று மாலைக்குப் பிறகு" என்று கேட்டால் பக்கம் பக்கமாகப் பின்னோக்கிப் போய்க் கருவியே நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த வேலையை மாடலிடம் விடாதீர்கள். நேரங்கள் எல்லாம் யூடிசி (உலகப் பொது நேரம்). பதிவு உருவான நேரம் வேறு, சக்சஸ் விழுந்த நேரம் வேறு. கோளாறு தொடங்கிய நிமிடத்தோடு பொருத்திப் பார்க்க இரண்டாவதுதான் உதவும். கருவி இரண்டையும் தெளிவான பெயரில் தர வேண்டும்.

இத்தனையையும் ஏஜென்ட் அறிய ஒரே வழி, கருவியின் விளக்கக் குறிப்பு. "டிப்ளாய்மென்ட்டுகளைப் பட்டியலிடும்" என்ற ஒற்றை வரி போதாது. ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"ஒரு ரெபாசிட்டரியின் அண்மைய டிப்ளாய்மென்ட் பதிவுகளைப் புதியது முதலாகத் தரும். எதையும் மாற்றாது. இப்போது ஓடுவது எது என்று அறிய, சூழலைக் குறிப்பிட்டு அழை. சக்சஸ் நிலையில் உள்ளவற்றில் நிலை நேரம் மிகப் புதியதை எடு. முதல் வரிசையை அப்படியே எடுக்காதே. நேரங்கள் யூடிசி. பதில் காலியாக வந்தால் டிப்ளாய் நடக்கவில்லை என்று முடிவு செய்யாதே. சூழலின் பெயரைச் சரிபார்."

கடைசி வரி வீண் அல்ல. சூழலின் பெயர் "புரொடக்‌ஷன்" என்று இருக்க, "பிராட்" என்று கேட்டால் பிழை வராது, காலிப் பட்டியல்தான் வரும். ஏஜென்ட் உடனே "இன்று எதுவும் போகவில்லை" என்று தெம்பாகச் சொல்லிவிடும். காலியாக வரும்போது தெரிந்த சூழல்களின் பெயர்களையும் சேர்த்து அனுப்பும் கருவி அந்தப் பொய்யைத் தடுக்கும்.

மார்ச் 2025 எம்சிபி பதிப்பிலிருந்து, கருவி எதையும் மாற்றாது என்று குறிக்கத் தனி அடையாளம் உண்டு. அதைப் போடுங்கள், ஆனால் அது வெறும் குறிப்பு, பூட்டு அல்ல. பூட்டு டோக்கனில்தான் இருக்க வேண்டும். பதிவோடு வரும் பேலோட் (கூடவே அனுப்பும் கூடுதல் தரவு), விவரிப்பு இரண்டையும் வெட்டிவிடுவது உத்தமம். பதிவு உருவாக்கும் அனுமதி உள்ள யாரும் அங்கே எதையும் எழுதலாம். ரகசியச் சாவியும் இருக்கலாம், ஏஜென்டைத் திசைதிருப்பும் கட்டளையும் இருக்கலாம். கமிட் ஹாஷை (கமிட்டின் அடையாளக் குறி) மட்டும் சுருக்காமல் 40 எழுத்தும் கொடுங்கள்.

ஆர்கோ சிடி என்ற டிப்ளாய் கருவி போல, கிளஸ்டரே (மென்பொருள் ஓடும் கணினித் தொகுதி) மாற்றத்தை இழுத்துக்கொள்ளும் அமைப்பில், யாராவது ஏற்பாடு செய்யாவிட்டால் கிட்ஹப்பில் பதிவே விழாது. அங்கே இந்தக் கருவியால் பயனில்லை. கிளஸ்டரைத்தான் கேட்க வேண்டும். ஏஜென்டிடம் கிளஸ்டரை நிர்வகிக்கும் குபெர்னட்டீஸின் கருவியும் இருந்தால் பெயரிலும் கவனம் தேவை. அங்கே டிப்ளாய்மென்ட் என்பது ஒரு நிகழ்வு அல்ல, கிளஸ்டரில் இருக்கும் ஒரு பொருள். இரண்டு கருவிக்கும் ஒரே பெயர் வைத்தால் ஏஜென்ட் தவறான கதவைத் தட்டும். கிட்ஹப் கருவியின் பெயரில் "பதிவு" என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் குழப்பம் பெருமளவு குறையும்.