லைவ் ராக்கா, பாட்டில் பாக்டீரியாவா? புதிய கடல்நீர்த் தொட்டிக்கு எது ஏற்றது?

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சும் தீனியிலிருந்தும் உருவாகும், மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதிய தொட்டியில் போதிய அளவில் இருப்பதில்லை. பழைய தொட்டியின் தண்ணீரை ஊற்றினால் போதும் என்று பலரும் சொல்வதுண்டு. அந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிடக் கல்லிலும் மணலிலும் ஒட்டியே வாழ்வதால் அதனால் பெரிய பயன் இல்லை.

லைவ் ராக் என்பது கடலிலிருந்து எடுத்த, உயிரினங்கள் குடியேறிய பவளப்பாறைக் கல். பல்லுயிர் வளத்தில் அதற்கு இணை கிடையாது. அம்மோனியாவை மாற்றும் அந்த நைட்ரிஃபிகேஷன் பாக்டீரியாக்களோடு கடற்பஞ்சு, புழுக்கள், கோப்பிபாட் எனும் நுண் ஓட்டுமீன்கள் போன்றவையும் அதன் துளைகளில் குடியிருக்கும். ஐப்டேசியா எனும் கொட்டும் கடல் அனிமோன், வேட்டையாடும் மாண்டிஸ் இறால் போன்ற வேண்டாத விருந்தாளிகளும் கூடவே வரலாம்; ஈரம் குறைந்து வழியில் பாதி உயிர்கள் மடிந்தால், கல்லே அழுகி அம்மோனியாவைக் கக்கும். இந்தியாவில் இதைவிடப் பெரிய தடை சட்டம்தான். கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த பவளப்பாறையை யாரேனும் மலிவாகத் தந்தாலும் வாங்கக் கூடாது.

பாட்டிலில் அடைத்து விற்கும் பாக்டீரியா இந்தச் சிக்கல்கள் இல்லாதது, வேகமானதும் கூட. ஆனால் பாட்டிலுக்குப் பாட்டில் வேறுபாடு மிகுதி. நைட்ரிஃபிகேஷன் பாக்டீரியாக்கள் வெப்பத்தைத் தாங்கும் உறங்குநிலை வித்து (ஸ்போர்) உண்டாக்குவதில்லை என்பதால், கோடை வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்த பாட்டிலில் உயிருள்ளவை எத்தனை மிஞ்சியிருக்கும் என்பது சந்தேகமே. பல மாதங்கள் அலமாரியில் தாங்கும் சில பாட்டில்களில் இருப்பதோ வித்து உண்டாக்கும் பாசிலஸ் வகை. அது கசடைச் சிதைக்குமே தவிர, அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் வேலைக்கு உரியதன்று. எனவே கடல்நீருக்கென்றே தயாரிக்கப்பட்டதா, குளிர்பதனத்தில் வைக்கப்பட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும். நன்றாகக் குலுக்கிக் கற்களின் மேல் ஊற்றிய பின், நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் கிருமிகளைக் கொல்லும் யூவி விளக்கையும் ஓரிரு நாள் நிறுத்தி வைப்பது நல்லது. அவை ஊற்றியதையே வெளியேற்றவோ கொல்லவோ கூடும்.

உலர்ந்த கல்லை அடுக்கி, அம்மோனியா மட்டும் சேர்த்துக் காத்திருப்பது செலவு குறைந்த வழி. நான்கு முதல் ஆறு வாரமோ அதற்கு மேலுமோ ஆகும். பொறுமை உள்ளவருக்கு இதில் குறையில்லை.

என் தேர்வு கலப்பு முறை: உலர்ந்த கல், குளிர்பதனத்தில் இருந்த பாட்டில், அவற்றோடு நோயற்ற பழைய தொட்டியிலிருந்து ஒரு சிறு கல். பாட்டில் வேகத்தையும், அந்தக் கல் பாட்டிலில் கிடைக்காத பல்லுயிர் வளத்தையும் தருகின்றன. கல் தரும் தொட்டியில் வெண்புள்ளி நோய் இருந்தால், கல்லோடு கிருமியும் வரும் என்பதால் அதன் வரலாற்றை விசாரிக்காமல் வாங்கலாகாது.

எந்த வழியானாலும் சோதனை ஒன்றே. அம்மோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்குச் சேர்த்து, 24 மணி நேரத்தில் அதுவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால், பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு முதல் மீனை விடலாம். நைட்ரைட் மிஞ்சியிருக்கும்போது நைட்ரேட் சோதனைக் கிட் காட்டும் நிறத்தை நம்ப வேண்டாம்; பல கிட்களில் நைட்ரைட்டே அளவை மிகைப்படுத்திக் காட்டும்.