மூன்று பழைய கிட்டார்கள், நான்கு திருகாணிகள்

என்னுடைய முதல் எலெக்ட்ரிக் கிட்டார் விழுந்தது முழங்கால் உயரத்திலிருந்துதான். தாங்கியில் சாய்த்து வைத்திருந்தேன். ஆம்ப்ளிஃபையர் வயரில் என் கால் தடுக்கியது. கிட்டார் மல்லாக்க விழுந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. எடுத்துப் பார்த்தால், தலைப்பகுதி கழுத்திலிருந்து பிரிந்து கம்பிகளின் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது லெஸ் பால் வகை. செய்தது யார் என்பதை விட்டுவிடுவோம்; அந்த வடிவத்தில் யார் செய்தாலும் பலவீனமான இடம் அதுதான்.

ஒட்டித் தந்தார்கள், இன்றும் ஒலிக்கிறது. ஆனால் அடுத்த கிட்டாரைத் தேடியபோது என் கேள்வியே மாறிவிட்டது. எது இனிமையாக ஒலிக்கும் என்பதைவிட, எதை நானே பிரித்து மாட்ட முடியும் என்பது முக்கியமாகிவிட்டது. நான்கு மாதம் அலசி, கடைசியில் டெலிகாஸ்டர் வகையை வாங்கினேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய பாணி என்று இன்று விற்கப்படும் கிட்டார்களில் பெரும்பாலானவை மூன்று வடிவங்களின் வாரிசுகள். முதலாவது ஃபெண்டரின் டெலிகாஸ்டர். 1950இல் பிராட்காஸ்டர் என்ற பெயரில் வந்தது. கிரெட்ஷ் நிறுவனம் கிட்டத்தட்ட அதே பெயரில் டிரம் விற்றுக்கொண்டிருந்ததால் 1951இல் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டாவது 1952இல் வந்த கிப்சன் லெஸ் பால். மூன்றாவது 1954இன் ஸ்ட்ராட்டோகாஸ்டர். வடிவம் மட்டுமே இங்கே பேச்சு. எந்த நிறுவனத்தின் முத்திரை இருந்தாலும் நான் சொல்வது ஏறக்குறைய பொருந்தும்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பாகம் பிக்கப்; கம்பிகளை உடலில் தாங்கி நிற்பது பிரிட்ஜ். டெலிகாஸ்டரின் பிரிட்ஜ் பக்க பிக்கப் கூர்மையாக, சற்றுக் கடிக்கிற மாதிரி ஒலிக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மூன்று பிக்கப்புகளில் இரண்டிரண்டைச் சேர்த்தால் வரும் குழைவு வேறு எதிலும் கிடைப்பதில்லை. லெஸ் பால் தடித்த, நீண்டு நிற்கும் ஒலி. இதெல்லாம் உண்மைதான், ஆனால் நாம் நினைக்கும் அளவுக்குத் தீர்மானமானது அல்ல. லெஸ் பாலின் முகமாகவே கருதப்படும் ஜிம்மி பேஜ், 1968இல் தன் ராக் இசைக்குழுவான லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது பெரும்பாலும் வாசித்தது டெலிகாஸ்டரை. ஆம்ப்ளிஃபையரும் விரல்களும் சேர்ந்து மரத்தின் குணத்தை எவ்வளவோ மாற்றிவிடும்.

இனி கழுத்துக்கு வருகிறேன். என் முடிவு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

லெஸ் பாலின் கழுத்து மகாகனி மரம். உடலோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கும். தலைப்பகுதி நேராக இல்லாமல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். மூல வடிவத்தில் 17 பாகை. கழுத்தும் தலையும் ஒரே துண்டு மரத்தில் செதுக்கப்படுவதால், கழுத்தில் நீளவாக்கில் ஓடும் மரத்தின் நார் அந்தச் சாய்வில் குறுக்காக அறுபட்டுக் குட்டையாகிவிடுகிறது. விறகு பிளப்பவருக்குத் தெரியும், நார் ஓடும் திசையில் மரம் எவ்வளவு எளிதாகப் பிளக்கும் என்று. போதாக்குறைக்கு, கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பியின் நட்டுக்காக, சரியாக அதே இடத்தில் மரத்தைக் குடைந்தும் வைத்திருக்கிறார்கள். சாய்வு, குட்டை நார், பள்ளம் மூன்றும் ஒரே அங்குலத்தில் கூடுகின்றன. மல்லாக்க விழுந்தால் முதலில் தரையில் படுவதும் சாய்ந்த தலையின் நுனிதான்.

கிப்சனுக்கும் இது தெரியாமல் இல்லை. 1970களில் அந்த இடத்தின் பின்புறம் ஒரு புடைப்பு விட்டு மரத்தைத் தடிப்பாக்கினார்கள். வாங்குபவர்களுக்கு அந்தப் புடைப்பு பிடிக்கவில்லை. பழைய அழகு கெட்டுவிட்டது என்றார்கள். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். உடைந்தாலும் அழகாக உடையட்டும் என்கிற ரசனையை என்னவென்று சொல்வது!

ஃபெண்டரின் வழி நேர் எதிர். கழுத்து மேப்பிள், தலை சாய்வதில்லை, கழுத்தின் தளத்திலிருந்து சற்றே கீழிறங்கி நேராகப் போகிறது. நார் அறுபடுவதில்லை. உடலில் ஒரு பள்ளம் குடைந்து, அதில் கழுத்தின் அடியைப் பொருத்தி, பின்னாலிருந்து நான்கு திருகாணிகளால் முடுக்கியிருப்பார்கள். அவ்வளவுதான். இதை வடிவமைத்த லியோ ஃபெண்டர் ரேடியோ பழுதுபார்த்தவர். கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொண்டதே இல்லை. அதனால்தானோ என்னவோ, அவர் கிட்டாரை ஒரு கலைப்பொருளாகப் பார்க்காமல் பழுதுபார்ப்பவரின் கண்ணால் பார்த்தார். கழுத்து கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டு என்பதுதான் அவருடைய எண்ணம்.

இந்த எண்ணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் சாட்சி. 1970இல் நாஷ்வில்லில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் ஆறு வாங்கினார். மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் மூன்றில் ஒன்றின் கழுத்து, ஒன்றின் உடல் என்று நல்ல பாகங்களைப் பொறுக்கி ஒரே கிட்டாராகப் பூட்டினார். 'பிளாக்கி' என்று பெயர் பெற்ற அந்தக் கதம்பம் 2004 ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது. பசையால் ஒட்டிய கிட்டாரில் யாரும் இப்படி விளையாட முடியாது.

எனக்கு நடந்தது இவ்வளவு பெரிய கதை அல்ல. வாங்கிய டெலிகாஸ்டரில் கம்பிகள் ஃபிரெட்டிலிருந்து, அதாவது கழுத்தின் மேல் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளிலிருந்து, மிக உயரமாக நின்றன. பிரிட்ஜின் திருகாணியை எவ்வளவு இறக்கியும் போதவில்லை. கழுத்தின் கோணம் சரியில்லை. நான்கு திருகாணிகளையும் கழற்றி, பள்ளத்தின் உடல் பக்க ஓரத்தில் மெல்லிய மரச்சீவல் ஒன்றை வைத்து மறுபடி முடுக்கினேன். ஒரு மாலை நேர வேலை. இதே கோளாறு ஒட்டிய கழுத்தில் இருந்திருந்தால், ஆவி பிடித்துப் பசையை இளக்கிக் கழுத்தைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். அதைச் செய்யத் தெரிந்த கைவினைஞரைத் தேட வேண்டும். அவருடைய வரிசையில் காத்திருக்க வேண்டும்.

ஒட்டிய கழுத்தில் ஒலி நீண்டு நிற்கும் என்பது வழக்கமான எதிர்வாதம். என் காதுக்கு அந்த வேறுபாடு எட்டவில்லை. எட்டியவர்களோடு சண்டை போடவும் எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: திருகாணிக் கழுத்து பள்ளத்தில் தளர்வாக உட்கார்ந்திருந்தால், ஓரத்துக் கம்பி ஃபிரெட்டின் விளிம்பிலிருந்து வழுக்கி விழும். மலிவான பிரதிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அப்படியானால் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் அதே நான்கு திருகாணிதானே, அதை ஏன் விட்டேன்? அதன் பிரிட்ஜுக்காக. பின்புறம் சுருள்வில்கள் ஒரு பக்கம் இழுக்க, முன்புறம் கம்பிகள் மறுபக்கம் இழுக்க, நடுவில் பிரிட்ஜ் தராசு முள்போல நிற்கிறது. அதிலுள்ள கைப்பிடியை அழுத்தினால் சுருதி இறங்கி ஏறும். அதற்கு டிரெமோலோ என்று பெயர் வைத்தது ஒரு வேடிக்கை, ஏனென்றால் டிரெமோலோ என்பது ஒலியளவின் நடுக்கம். சுருதியின் நடுக்கத்துக்கு வைப்ரேட்டோ என்றுதான் பெயர். வேடிக்கை போகட்டும், வேலையைப் பாருங்கள்: மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த கம்பி மாட்டினால் தராசு சாயும், சுருள்வில்லைத் திருத்த வேண்டும். ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகும். ஒரு கம்பியை அழுத்தி வளைத்தால் பக்கத்துக் கம்பி சற்றுத் தொய்ந்து அழும். சுருள்வில்களை முடுக்கி பிரிட்ஜை உடலோடு படிய வைத்துவிட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். செய்தபின், அந்தக் கைப்பிடியின் பாதிப் பயனும் போய்விடுகிறது. நான் ஸ்ட்ராட்டோகாஸ்டரை நண்பரிடம் இரவல் வாங்கி ஆறு வாரம் வாசித்ததோடு சரி. வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் இதெல்லாம் பழகிவிடும் என்கிறார்கள், நம்புகிறேன்.

உடம்புக்கு இதமானது ஸ்ட்ராட்டோகாஸ்டர்தான். முழங்கை படும் இடமும் விலா படும் இடமும் சீவப்பட்டிருக்கும். டெலிகாஸ்டர் ஒரு பலகை. ஒரு மணி நேரத்தில் முன்கையில் கோடு விழும். லெஸ் பால் நாலு கிலோவைத் தாண்டுவது சாதாரணம், தோள் பேசும்.

நான் வாங்கியதன் குறைகளை மறைக்கக் கூடாது. பழைய பாணி டெலிகாஸ்டரில் பிரிட்ஜில் கம்பி உட்காரும் சிறு தாங்கிகளான சேடில்கள் ஆறு கம்பிகளுக்கு மூன்றே, ஒன்றின் மேல் இரண்டு கம்பி. அந்தக் காலத்தில் மூன்றாவது கம்பியும் மேலே மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுக்கம்பியாக இருந்ததால் சுருதி ஓரளவு ஒத்துப்போனது. இன்று அந்தக் கம்பி வெறும் கம்பி, அதனால் மூன்றாவதும் நான்காவதும் ஒரே சேடிலில் ஒருபோதும் ஒத்துப்போகாது. ஒன்றைத் திருத்தினால் மற்றது ஃபிரெட் ஏற ஏற விலகும். சாய்வாகக் கடைந்த சேடில்கள் தனியாகக் கிடைக்கின்றன. மாற்றினேன், தொல்லை தீர்ந்தது. ஆறு சேடில் பிரிட்ஜோடு வருவதை முதலிலேயே வாங்கியிருக்கலாம், ஆனால் அந்தப் பித்தளை உருளைகளின் மேல் எனக்கு ஓர் ஆசை.

ஆசைக்கு ஒரு எல்லை வேண்டிய இடம் விரல்பலகையின் வளைவு. மூல ஃபெண்டர்களில் அது 7.25 அங்குல ஆரம், அதாவது நன்றாகக் குவிந்தது. பல கம்பிகளை ஒருசேர அழுத்தும் கார்டு பிடிக்கச் சுகம். ஆனால் கம்பிகளைத் தாழ்வாக வைத்து, மேல் ஃபிரெட்டுகளில் ஒரு கம்பியை வளைத்தால் அது அடுத்த ஃபிரெட்டில் உரசி ஒலி பட்டென்று செத்துவிடும். 9.5 அங்குல ஆரம் இதற்கு நடுவழி. லெஸ் பாலின் 12 அங்குலத்தில் இந்தப் பிரச்சினை இல்லவே இல்லை. அச்சு அசலாக 1950களைப் போல வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் வாங்குமுன் பதினைந்தாவது ஃபிரெட்டில் ஒரு முறை கம்பியை வளைத்துப் பார்க்கட்டும்.

பிறகு இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப், பக்கத்தில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரையும் விளக்கையும் சேர்த்துக் கேட்டு 'ம்ம்ம்' என்று முனகும். இதற்குத் தீர்வாகத்தான் சேத் லவர், இரு சுருள்களை எதிரெதிராக இணைத்து இரைச்சலை இரைச்சலாலேயே அடக்கும் ஹம்பக்கரைக் கிப்சனுக்காக உருவாக்கினார். 1957இல் அது லெஸ் பாலில் ஏறியது. உரத்த, சிதைவொலி மிகுந்த இசைதான் உங்களுக்கு வேண்டும் என்றால் நான் இதுவரை சொன்னதையெல்லாம் தள்ளிவிட்டு லெஸ் பாலை வாங்கலாம். கம்பி நீளமும் அதில் குறைவு, ஏறக்குறைய 628 மில்லிமீட்டர், ஃபெண்டரில் 648. அதே கம்பி லெஸ் பாலில் தளர்வாக இருக்கும், சிறிய கைகளுக்கும் வளைத்து வாசிப்பவர்களுக்கும் அது பெரிய உதவி. பெட்டியில் வைத்துப் பழகுங்கள், தாங்கியை நம்பாதீர்கள்.

மறுவிற்பனையைப் பற்றி எனக்கு ஒரே ஒரு பாடம்தான் கிடைத்தது, அதுவும் விற்கும் பக்கத்திலிருந்து. தலை உடைந்து ஒட்டிய கிட்டார், ஒட்டிய இடம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், விலையில் கணிசமாக இறங்கிவிடும். என் பழையதை விற்கப் போய், கேட்ட விலை பிடிக்காமல் திருப்பிக் கொண்டுவந்தேன். கழுத்து மாற்றிய ஃபெண்டருக்கும் மதிப்புக் குறைவுதான், சேகரிப்பவர்கள் எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் கழற்றிய பாகத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் விற்கும் நாளில் மறுபடி மாட்டிவிடலாம்.

பயன்படுத்திய கிட்டார் வாங்குவதாக இருந்தால், கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டைக்கு (அதற்கும் நட்டு என்றுதான் பெயர்) பின்னால் தலை தொடங்கும் இடத்தை விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மயிரிழைக் கோடு தெரிந்தால் அது பூச்சின் விரிசலா, மரத்தின் விரிசலா என்று நகத்தால் தடவினால் ஓரளவு புரியும். ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கழுத்து உடலைத் தொடும் ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்தி, நடுவில் ஏழாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே தாள் நுழையும் அளவு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளி அதிகம் என்றால் டிரஸ் ராட்டைத் திருப்ப இன்னும் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய பாணி ஃபெண்டர்களில் டிரஸ் ராட்டின் நட்டு கழுத்தின் அடியில், உடலுக்குள் மறைந்திருக்கும். பார்க்க வேண்டுமானால் கழுத்தைக் கழற்ற வேண்டும். நான் வாங்கியபோது பையில் திருப்புளி கொண்டுபோயிருந்தேன். விற்றவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே கம்பிகளைத் தளர்த்திக் கொடுத்தார்.