டை லேசரோடு சில வருடங்கள்: பொடி, கரைப்பான், கழிவு கேன்

புதுச்சேரியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் டை லேசரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ரோடமின் 6ஜி சாயக் கரைசலை 532 நானோமீட்டர் பச்சை லேசரால் உசுப்பினால் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கதிர் கிடைக்கும். கதிர் அருமை, குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சாயத்தோடு குடித்தனம் நடத்துவதுதான் பாடு.

முதல் தொல்லை பொடி. எடை போடும்போது கண்ணுக்குத் தெரியாமல் பறக்கும்; ஈரத் துணி பட்டால் மேஜையே குங்குமம் கொட்டியது போல் ஆகிவிடும். அதனால் எடை போடுவது ஃபியூம் ஹூடுக்குள், அதாவது காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் கூண்டுக்குள், மட்டும்தான். முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடித்துப் பார்ப்பேன். கதவுக் கைப்பிடி, பேனா மூடி, மாணவர் ஒருவரின் செல்போன் உறை என்று எங்கெங்கோ ஒளிரும். கொடுத்த காசுக்கு இந்த டார்ச்சைப் போல உழைத்த பொருள் எங்கள் ஆய்வகத்தில் வேறு இல்லை.

கரைப்பானில் என் ஓட்டு எத்தனாலுக்கு. மெத்தனால் உள்ளே போனால் கண் பார்வையே போய்விடும். தோல் வழியாகவும் இறங்கும். எத்தனாலும் லேசுப்பட்டதல்ல, சுமார் 13 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவி விடும். நம்ம ஊர் மே மாதத்தைக் கேட்கவே வேண்டாம். சாயக் கரைசலைச் சுற்ற விடும் பம்புக்கு அடியில் முழுக் கரைசலும் கொள்ளும் அளவுக்கு ஒரு ஸ்டீல் டிரே வைத்திருக்கிறேன். ட்யூப் இணைப்பு கழன்றபோது ஒரு சொட்டுகூடத் தரைக்குப் போகவில்லை.

டிசிஎம் என்ற இன்னொரு லேசர் சாயத்தை டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்பாக்சைடு) என்ற கரைப்பானில் கரைப்பது எனக்குப் பிடிக்காது. அந்தக் கரைப்பான் தோலில் ஊறும்போது தன்னில் கரைந்திருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். மெல்லிய நைட்ரைல் கையுறை நனைந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். இன்னொரு கூத்து, 18.5 டிகிரியில் அது உறைந்துவிடும். ராத்திரி ஏசியைக் கூட்டி வைத்தால் காலையில் பாட்டில் கட்டியாகக் கிடக்கும்.

சரி, கழிவு. சிங்க்கில் ஊற்றுவதும் திறந்து வைத்து ஆவியாக விடுவதும் கூடாது. மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில், வெயிலுக்கு விரிய மேலே கொஞ்சம் இடம் விட்டுச் சேர்க்கிறோம். சாயம், கரைப்பான், தேதி மூன்றையும் லேபிளில் பென்சிலால்தான் எழுதுவேன். மார்க்கர் எழுத்து எத்தனால் பட்டால் அழிந்துவிடும். அமிலமும் குளோரின் சேர்ந்த கரைப்பான்களும் தனித்தனிக் கேனில். கையுறை, டிஷ்யூ, பில்டர் தனிப் பையில்.

2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகள்படி பொதுவாக 90 நாட்களுக்கு மேல் சேர்த்து வைக்க முடியாது. ஆனால் ஒரே ஒரு கேனுக்காக வண்டி அனுப்பக் கழிவு எடுப்பவர்களுக்கு மனசு வராது. பல தடவை போனில் கெஞ்ச வேண்டியிருந்தது. அப்புறம் வேதியியல் துறைக் கழிவோடு சேர்த்து அனுப்பத் தொடங்கினோம், தொல்லை குறைந்தது. மேனிஃபெஸ்ட் (கழிவோடு போகும் விவரச் சீட்டு) நகலில் கையெழுத்து வாங்காமல் மட்டும் கேனைக் கொடுப்பதில்லை.