சாதாப் பானையா, பைப் வைத்த பானையா?

இரண்டையும் வேளச்சேரி ரோட்டோரத்தில் வாங்கி, கோடை முழுக்கப் புழங்கிப் பார்த்தாகிவிட்டது. என் ஓட்டு சாதாப் பானைக்கு.

பைப் பானையின் சௌகரியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டம்ளரை நீட்டினால் போதும், பிள்ளைகள் கையை விட்டு மோந்து குடிக்கும் தொல்லை இல்லை. சாதா 200 ரூபாய், பைப் வைத்தது 350. விலையும் ஒரு தடையில்லை.

கழுவும்போதுதான் வம்பு. பைப் அடியிலிருந்து இரண்டு விரற்கடை மேலே இருக்கிறது. அதற்குக் கீழே நிற்கும் தண்ணீர் தானாக வெளியே வராது, அடியில் வண்டல் சேரும். கவிழ்த்துக் கவிழ்த்துக் கழுவியதில் மூன்றாம் வாரமே வாஷர் தளர்ந்து சொட்ட ஆரம்பித்தது. இறுக்கினேன், ஓட்டையைச் சுற்றி முடிபோல விரிசல். ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசை வைத்து அடைத்தேன். "குடிக்கிற பானையில அதையாடா அப்புவ?" என்றாள் அம்மா. இப்போது அதில் கற்றாழை வளர்கிறது.

அதைவிடப் பெரிய தலைவலி உப்பு. பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே இருப்பது குளிர்கிறது. நம்ம ஊர் போர் தண்ணீரில் நீர் போய்விடும், உப்பு சுவரிலேயே தங்கிவிடும். வெளியே வெள்ளையாகப் பூக்கும், துளைகள் அடையும், ஜூனில் பானைத் தண்ணீர் வெறும் தண்ணீர். சாதாப் பானை என்றால் முழங்கைவரை கைவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிடலாம். சோப்பு மட்டும் வேண்டாம், மண் அதைக் குடித்துவைத்துத் தண்ணீரில் கக்கும். கேன் தண்ணீர் ஊற்றியபோது பூப்பது குறைந்தது. புழுக்கமான நாளில் இரண்டு பானையுமே சுமார்தான்.

கருப்புப் பானை, சூளையை மூடிப் புகையை உள்ளேயே அடைத்துச் சுடுவது. ஒரு கோடைதான் வைத்திருந்தேன். சிவப்புக்கும் அதற்கும் என் நாக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி விற்பவர்களும் உண்டு. நான் கேட்பது சத்தத்தை. விற்கும் அம்மா விரல் முட்டியால் தட்டிக் காட்டினார்: "டங்குனு கேக்கணும்பா. டொக்குனா கீறல் இருக்கு, வெச்சிட்டுப் போ."

குனிந்து மோக்க முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குப் பைப் பானைதான் சரி, வாரம் ஒருமுறை பைப்பைக் கழற்றிக் கழுவ ஆள் இருந்தால்.