பரோட்டாக் கல்லுக்கு விறகா, கேஸா?

நெடுஞ்சாலையோரக் குடும்ப ஓட்டல்களில் இரண்டு தலைமுறைக்குள் பெரிதாக மாறியது கல்லுக்கு அடியில் எரியும் தீதான். முன்பு புளி, சவுக்கு, சீமைக்கருவேலம். இப்போது 19 கிலோ வணிக சிலிண்டர்.

மாவு இரண்டுக்கும் ஒன்றே. கிலோ மைதாவுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் தண்ணீர், பிசைந்தபின் ஒரு மணி நேர ஊறல், உருண்டை பிடித்து எண்ணெயில் இன்னும் அரை மணி. ஊறல் குறைந்தால் வீசும்போதே கிழியும்.

விறகுத் தீ கல்லின் அடி முழுக்கப் பரவும். நடுவில் பரோட்டா வேக, ஓரத்தில் வெந்தவை சூடாறாமல் கிடக்கும். ஆனால் தீயைச் சட்டென்று குறைக்க முடியாது. கொள்ளியை வெளியே இழுத்தாலும் கங்கின் சூடு நிற்கும். ஈர விறகென்றால் புகைதான் மண்டும், கல் காயாது.

கேஸில் திருகைத் திருப்பினால் போதும். சிக்கல் வேறு இடத்தில்: ஒற்றை பர்னர் வைத்தால் கல்லின் நடு மட்டும் காந்தும், பரோட்டா வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும். பெரிய கல்லுக்கு இரண்டு பர்னர் அவசியம். மெல்லிய தகடு சூட்டில் வளைந்து எண்ணெய் ஒரு பக்கம் தேங்கும். தடித்த இரும்புக் கல்லே வாங்குங்கள். சுடர் மஞ்சளாக எரிந்தால் பெரும்பாலும் துளைகளில் மாவும் எண்ணெயும் அடைத்திருக்கும். அணைத்து, ஆறவிட்டு, கம்பியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

பரோட்டாவுக்கு கேஸே மேல். சால்னாவுக்கு மட்டும், இடமிருந்தால், ஒரு விறகடுப்பை விட்டுவையுங்கள். கங்குச் சூட்டில் அடிபிடிக்காமல் நிதானமாகக் கொதித்து எண்ணெய் பிரியும்.